டிங்கிப் படத்தில் புகை எதற்கு?

டிங்கிக் காய்ச்சல் என்றதும் நம் பயிற்றிகளில் எந்தப் படம் வரும்? உங்களுக்கே தெரியும். முகமூடி போட்ட ஒருவர், கையில் புகையடிக்கும் கருவி, பின்னால் செராஸ் பக்கம் பார்க்கிற மாதிரி ஓர் அடுக்குமாடி, சுற்றிலும் வெள்ளைப் புகை. படமாகப் பார்த்தால் நல்ல படம்தான். பார்த்தவுடன் ‘வேலை நடக்கிறது’ என்று தோன்றும். சிக்கலே அங்கேதான்.

புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். பூச்சாடித் தட்டில் நெளிகிற புழுவுக்கு ஒன்றும் ஆகாது. முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய 7 முதல் 10 நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடி உயிரோடு இருக்கும். இதில் எதையும் அந்தப் படம் காட்டாது. அதைப் பார்த்து எழுதும் மாணவர் என்ன எழுதுவார்? ‘சுகாதார அமைச்சு அடிக்கடி புகையடிக்க வேண்டும்.’ அவ்வளவுதான், கட்டுரை முடிந்தது. எழுதியவர் வீட்டில் யாருக்கும் வேலை இல்லை!

அடுத்த படம் கறுப்புச் சாக்கடை. ஏடிஸ் பெரும்பாலும் தேங்கிய தெளிந்த நீரைத் தேடும் கொசு. சாக்கடையில் பெருகுவது பொதுவாகக் கியூலெக்ஸ். இரவில் கொசுவலைக்குள் தூங்கும் குழந்தையின் படத்தையும் டிங்கிக்குப் போடுகிறார்கள். அது மலேரியாவுக்குப் பொருந்தும். ஏடிஸ் பகலில் கடிப்பது. காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் அதிகம்.

படம் தவறினால் என்ன, கருத்துதானே முக்கியம் என்பீர்கள். 1998, 1999-இல் நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். பன்றிப் பண்ணைகளில் பரவிய காய்ச்சலை முதலில் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று நினைத்தார்கள். அது கொசுவால் வருவது. ஆகவே தடுப்பூசி போட்டார்கள், புகையும் அடித்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அது புதிய கிருமி என்று கண்டார்கள். அதுதான் நிப்பா. நோய் பன்றிகளிடமிருந்து நேராக மனிதருக்கு வந்துகொண்டிருந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். புகையைப் பார்த்தவர்களுக்கு ஏதோ நடக்கிறது என்ற தைரியம் வந்திருக்கும். பண்ணைக்குள் நின்றவருக்கு அதனால் பயன் இல்லை.

கிள்ளானில் 1901-இல் மல்கம் வாட்சன் மலேரியாவை அடக்கியது சதுப்பைத் துப்புரவாக்கி, வடிகால் வெட்டி. வெறும் மண்ணும் நீருமான காட்சி, யாரும் அட்டைப்படமாகப் போடமாட்டார்கள். ஆனால் அதில் நோயின் காரணம் கண்ணுக்குத் தெரியும். (அதே முறை மலைப்பாங்கான தோட்டங்களில் எடுபடவில்லை. அங்கே வெயில் படும் தெளிந்த ஓடையில் வளரும் வேறொரு கொசு.)

தேர்வு எழுதப் போகிறவர்களே, கருத்துணர்தலில் இப்படி ஒரு படம் வந்தால் இருப்பதை விவரித்துவிட்டு நிறுத்தாதீர்கள். படத்தில் எது இல்லை என்றும் ஒரு வரி எழுதுங்கள்: புழு எங்கே, தண்ணீர் எங்கே, வீட்டுக்காரர் எங்கே?

பயிற்றி தயாரிக்கும் ஆசிரியர்கள் புகைப் படத்தை எடுத்துவிட்டு, பூச்சாடித் தட்டைக் கவிழ்க்கும் ஒரு கையைப் போட்டுப் பாருங்கள். ‘வாரம் 10 நிமிடம்’ என்று அமைச்சு சொல்வது அந்த வேலையைத்தான். பக்கத்தில் 7 நாள் நாட்காட்டி ஒன்றை வரைந்தால், ஏன் வாரம் ஒருமுறை என்ற கேள்வியையும் அங்கேயே கேட்டுவிடலாம்.