திரையில் தெரியாத திட்டு

2014 நவம்பர் 29 அன்று இருள் கவிந்த பிறகு, கேப் டவுனிலிருந்து அபுதாபியை நோக்கி விரைந்துகொண்டிருந்த ‘டீம் வெஸ்டாஸ் விண்ட்’ என்ற பாய்மரப் படகு, மொரீஷியஸுக்கு வடகிழக்கே உள்ள கார்காடோஸ் கராஜோஸ் பவளத்திட்டில் மணிக்கு ஏறத்தாழ 19 கடல் மைல் வேகத்தில் மோதியது. ஒன்பது பேரும் உயிர் தப்பினார்கள். உலகைச் சுற்றும் வால்வோ ஓஷன் ரேஸ் போட்டியில் நடந்த இந்த விபத்தைக் காட்டி, மின்கருவிகளை நம்பினால் இப்படித்தான் ஆகும் என்று மரபுவாதிகள் சொல்வதுண்டு. பாட்டரி தீரும், செயற்கைக்கோள் கைவிடும், உப்புநீர் கம்பிகளை அரிக்கும் என்பவையே அவர்களுடைய வழக்கமான வாதங்கள். அன்று இவற்றில் எதுவும் நடக்கவில்லை. ஜி.பி.எஸ். கடைசிவரை படகின் இடத்தைச் சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது. பழுது வேறிடத்தில் இருந்தது. மின்னணு வரைபடத்தை மிகவும் சுருக்கிப் பார்க்கும்போது, கடலுக்கு மேலே தலைநீட்டும் அந்தத் திட்டு நாற்பது மீட்டர் ஆழமுள்ள மேடுபோலத் தோன்றியது. பெரிதாக்கிப் பார்த்தால் மட்டுமே பாறை தெரியும். புயல் ஒன்று உருவானதால், படகுகள் நுழையக் கூடாத பகுதியின் எல்லை புறப்பாட்டுக்குச் சற்று முன்பு மாற்றப்பட்டிருந்தது. புதிய வழியை நிதானமாக ஆராய நேரம் போதவில்லை. 2015இல் வந்த விசாரணை அறிக்கை, மென்பொருளைப் பயன்படுத்திய விதத்தோடு வரைபடம் ஆபத்தைக் காட்டிய விதத்தையும் சேர்த்தே குறை சொன்னது. அதே போட்டியின் மற்ற ஆறு படகுகளும் அந்தக் கடலைப் பத்திரமாகக் கடந்துவிட்டன என்பதையும் மறக்கக் கூடாது.

இங்கிருந்துதான் என் வாதம் தொடங்குகிறது. காகித வரைபடத்தின் பெருமை அதன் துல்லியத்தில் இல்லை. அந்த வகையில் அது ஜி.பி.எஸ்.ஸுக்கு அருகில்கூட வராது. பென்சிலால் வழியை வரைபவர், அந்தக் கோடு கடக்கும் ஒவ்வோர் ஆழ எண்ணையும் கண்ணால் தொட்டாக வேண்டும். வேகம், திசை, கழிந்த நேரம் ஆகியவற்றைக் கொண்டு இடத்தைக் கணக்கிடுபவருக்கு, நேரம் ஆக ஆகத் தன் கணக்கில் பிழை வளர்கிறது என்பதும் தெரியும். ஆகவே கலங்கரை விளக்கத்தையோ ஆழத்தையோ தேடிச் சரிபார்க்கிறார். திரையில் தோன்றும் படகுச் சின்னம் அந்தச் சந்தேகத்தை எழுப்புவதில்லை. 1995 ஜூனில் ‘ராயல் மெஜஸ்டி’ என்ற பயணிகள் கப்பலுக்கு இதுவே வினையானது. பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் போன அந்தக் கப்பலில் ஜி.பி.எஸ். ஆன்டெனாவின் கம்பி கழன்றது. கருவி, யாரும் கவனிக்காதபடி, தானே கணித்த இடத்தைக் காட்டத் தொடங்கியது. 34 மணி நேரம் கழித்து, தான் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 17 மைல் விலகி, நான்டக்கெட் அருகே மணல்மேட்டில் கப்பல் ஏறியது. இடத்தைத் தனியாக அறியும் லோரான் கருவி அதே கப்பலில் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் போதும்.

பழைய முறையே பாதுகாப்பு என்று இதற்குப் பொருள் கொண்டால், 1923 செப்டம்பர் 8 அதை மறுக்கும். கலிபோர்னியாவின் ஹோண்டா முனையில் அன்றிரவு ஏழு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் பாறையில் மோதின. 23 பேர் இறந்தார்கள். கரையிலிருந்து வானொலி வழியே வந்த திசைக்குறிப்பு, கப்பல்கள் கணக்கிட்ட இடத்தில் இல்லை என்று எச்சரித்தது. அனுபவமுள்ள அதிகாரிகள் புதிய கருவியை நம்பாமல் தங்கள் கணக்கையே நம்பினார்கள். அங்கே மரபு செய்ததைத்தான் ‘ராயல் மெஜஸ்டி’யில் மின்கருவி செய்தது: ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதியது.

மென்பொருளைத் திருத்தினால், எச்சரிக்கை மணியைச் சேர்த்தால் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். வரைபடத்தைச் சுருக்கினாலும் பாறை மறையாதபடி செய்யத்தான் வேண்டும். அது வரைபடம் தயாரிப்பவர்களின் கடமை, மாலுமியின் தலையில் கட்டக் கூடாது. ஆனால் மணியை மனிதர்தான் அமைக்கிறார். ‘ராயல் மெஜஸ்டி’யின் ஆழமானியில் எச்சரிக்கை அளவு பூஜ்யத்தில் இருந்தது. இன்னொரு மறுப்பு எனக்கு வலுவானதாகப் படுகிறது: இரண்டு மூன்று பேர் தூக்கமில்லாமல் ஓட்டும் படகில் விண்மீன்களின் உயரக் கோணத்தை அளக்கும் செக்ஸ்டன்டைப் பிடித்துக் கணக்குப் போட யாருக்கு நேரம்? கருவியைத் துறப்பது வீரமும் அன்று. செக்ஸ்டன்டால் வழியறிந்து ஓட்ட வேண்டிய 2018 கோல்டன் குளோப் போட்டியில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் பாய்மரம் முறிந்து முதுகில் அடிபட்டுக் கிடந்த இந்திய மாலுமி அபிலாஷ் டோமியை மீட்புக் குழுவினர் சென்றடைய உதவியவை செயற்கைக்கோள் கருவிகளே. ஆகவே நான் கேட்பது செக்ஸ்டன்டை அல்ல. துறைமுகத்தில் இருக்கும்போதே வழி முழுவதையும் பெரிதாக்கிய வரைபடத்தில் அங்குலம் அங்குலமாகப் பார்ப்பது, மணிக்கு ஒருமுறை இடத்தைக் குறிப்பேட்டில் எழுதுவது, ஆழமானி காட்டும் எண் வரைபடத்தின் எண்ணோடு பொருந்துகிறதா என்று நோக்குவது: இவற்றுக்குச் சில நிமிடங்கள் போதும். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி, கைவிட்டிருந்த விண்மீன் வழிகாணலை 2015இல் மீண்டும் கற்பிக்கத் தொடங்கியதை வரவேற்கிறேன். அதோடு, பொழுதுபோக்குப் படகோட்டிகளுக்குச் சான்றிதழ் தரும் தேர்வுகளில், திரையில் வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்து, அதை மாணவர் எத்தனை நிமிடத்தில் கண்டுபிடிக்கிறார் என்று சோதிக்க வேண்டும்.