மான் தோலை உரித்தது யார்?

மான் என்றால் நமது தமிழாசிரியப் பெருமக்களுக்குக் கண். மருண்ட பார்வை. பிணை, நவ்வி, உழை என்று பெயர்களை அடுக்குவார்கள். எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு வருஷத்தில் மானைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்தது இவ்வளவுதான். செத்த மானின் வயிறு வெயிலில் சீக்கிரம் ஊதும், தொடைக்கறி எலும்போரம்தான் முதலில் கெடும் என்பதெல்லாம் இலக்கியத்தில் சேராதாம். சேரும் என்பதுதான் என் கட்சி.

புறநானூற்றின் 33ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். கோவூர்கிழார் பாடியது. வேட்டுவன் மான்கறியைக் கூடையோடு கொண்டுவந்து கொட்டுகிறான், ஆய்மகள் தயிர் கொண்டுவருகிறாள், உழவர் வீட்டுப் பெண்கள் நெல் அளக்கிறார்கள். வகுப்பில் இதற்குப் பெயர் 'பண்டமாற்று'. அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள். காட்டிலிருந்து வயல்வரைக்கும் அந்தக் கறி கெடாமல் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பைப் படியுங்கள். அது பாலை, வெக்கை பூமி. பிள்ளை பெற்றவள் மான்தோலில் படுத்திருக்கிறாள். விளாமரத்தில் பார்வை மான் கட்டியிருக்கிறது. மற்ற மானை ஏமாற்றிப் பிடிக்கப் பழக்கிய மான். நிலத்தைக் கிண்டி எடுத்த புல்லரிசியைக் குற்றி, உவர்த் தண்ணீரில் ஆக்கி, வந்த பாணனுக்கு வாடூனோடு போடுகிறார்கள். வாடூன் என்றால் வாட்டிக் காயவைத்த கறி. வறுமையின் சித்திரம் என்று இதை விளக்குகிறார்கள். இதில் ஒரு தொழில்நுட்பம் இருப்பது கண்ணில் படவில்லை, ஏனென்றால் படிக்கிறவனும் கற்பிக்கிறவனும் அந்தக் கறியை அறுத்தவனில்லை.

அட்டுவம்பட்டி, கொடைக்கானலிலிருந்து வில்பட்டிக்குப் போகிற வழி. எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர், புலையர் சமூகம். 1972க்கு முந்திய காலத்தைச் சொன்னார்: "விழுந்த எடத்துலயே கொடலை எடுத்துரணும் தம்பி. கொடல் கிழிஞ்சா கறி பூரா நாறிப்போகும். தோலு கம்பளி மாதிரி, அதோட போட்டுவச்சா உள்ளுக்குள்ளயே வெந்துபோகும். தண்ணி ஊத்திக் கழுவப்படாது, எலையால தொடைக்கிறதுதான். கடமான் தொடை தடிப்பு. எலும்புவரைக்கும் கீறிவிடலைன்னா மேல நல்லாருக்கும், உள்ள பச்சை பூத்துரும்."

மலைமேலே பனிமூட்டம், வெயிலை நம்ப முடியாது. அதனால் அடுப்புக்கு மேலே பரண், புகை. வத்தலக்குண்டுப் பக்கம் இறங்கினால் கதை வேறு. ஈ மொய்க்கிறதுக்கு முன்னால் விரல் கனத்துக்கு வார்வாராகக் கீறி, உப்பும் மஞ்சளும் பிரட்டிக் கயிற்றில் போட வேண்டும். பெரிய மான் விழுந்தால் அன்று ராத்திரியே தெருப் பூராவும் பங்கு. கெடாமல் வைக்க அதைவிட நல்ல வழி இல்லை என்று சிரித்தார். தேனும் கிழங்கும் மலையிலேயே உண்டு, உப்புக்குத்தான் கீழே இறங்கணுமாம். உப்பு கறியின் ஈரத்தை இழுத்துவிடும், ஈரம் குறைந்தால் கிருமி பெருகாது. இதை உணவு விஞ்ஞானி சொன்னால் அறிவு, பெரியப்பா சொன்னால் 'பழக்கம்'.

இதே மலையைப் பற்றி இன்னொரு பிரதி இருக்கிறது. டக்ளஸ் ஹாமில்டன் என்கிற படையதிகாரி ஆனைமலை, நீலகிரி, பழனிமலைகளில் ஆடிய வேட்டையின் பதிவு, 1892இல் அவருடைய சகோதரர் பதிப்பித்து லண்டனில் வந்தது. பேரிஜம் பக்கம் ஃபோர்ட் ஹாமில்டன் என்று அவர் பெயரில் இடமே உண்டு, கோட்டைதான் கிடையாது. இந்த வகை வேட்டைநூல்களின் கதாநாயகன் துப்பாக்கி. கொம்பு இத்தனை அங்குலம் என்பதுதான் காவியம். தடம் பார்த்தவன், தூக்கியவன், உரித்தவன் எல்லாம் பெயரில்லாத கூலி. துரை சுட்டால் விளையாட்டு. உரித்தவனுக்கு மட்டும் தீட்டு. புலவு, புலால், புலை, புலையன் என்று அகராதியில் அக்கம்பக்கமாக நிற்கிற சொற்களைப் பாருங்கள். கறி தின்றவர்கள் பல பேர், கறியின் நாற்றம் ஒரு சாதியின் பெயரோடு ஒட்டவைக்கப்பட்டது. செத்த மாட்டின் கறியை முன்வைத்துத் தீண்டாமையின் வேரைத் தேடி 1948இல் புத்தகம் எழுதிய அம்பேத்கரைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல.

வேட்டையைத் திரும்பத் திறந்துவிடு என்று நான் வாதாடவில்லை. கடமான் மிஞ்சணும். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2013இல் கொடைக்கானல் காட்டுயிர்ச் சரணாலயம். 2006இன் வன உரிமைச் சட்டம் மரபு உரிமைகளைத் தரும்போதே வேட்டையை வெளிப்படையாக விலக்கிவிட்டது. சரி. ஆனால் அதே சட்டம் பழங்குடிப் பட்டியலில் இல்லாதவர்களிடம் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், காட்டை நம்பி வாழ்ந்ததற்குச் சான்று கேட்கிறது. புலையர் பட்டியல் சாதியில் இருக்கிறார்கள். பட்டாவா இருக்கும் அவர்களிடம்?

சட்டத்தின் விதிகளில் சான்றுகளின் வரிசை உண்டு. அரசு ஆவணம், கெசட்டியர், ஆய்வு என்று போய்க் கடைசிப் பக்கமாக ஒன்று வரும்: உரிமை கோராத பெரியவர்களின் வாக்குமூலம், எழுத்தில். துரையின் புத்தகம் நூலகத்தில் இருக்கிறது. பரணில் கறி தொங்கிய கதை என் நோட்டில் எட்டுப் பக்கம் இருக்கிறது. பெயரில்லாமல் எழுதியிருக்கிறேன். சான்றாக வைக்கணும்னா பெயரும் கைநாட்டும் வேணும். "பேரு போட்டா தாத்தா மேல கேஸ் வருமாண்ணே?" என்று பேரன் கேட்டான். சட்டத்துக்கு முந்திய காலத்து வேட்டைக்கு வராது என்றேன். "எழுதித் தருவீங்களா?" என்றான்.