சுவருக்கும் வாய் உண்டு

சுவருக்குக் காது உண்டு என்பார்கள். இப்போது வாயும் முளைத்துவிட்டது. யாரோ எங்கோ கம்ப்யூட்டரில் தட்டிய வரிகளைப் பொது இடத்தில் பெரிசாக ஓடவிட்டு, இதுதான் 'இன்ட்டராக்டிவ் ஆர்ட்' என்கிறார்கள். அப்படியா என்று இரண்டு உதாரணங்களை வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, 2002 டிசம்பரில் நியூயார்க்கின் விட்னி மியூசியத்தில் வைத்த 'லிஸனிங் போஸ்ட்'. மார்க் ஹான்ஸன் புள்ளியியல்காரர், பென் ரூபின் ஒலிக்கலைஞர். இருவரும் சேர்ந்து 231 குட்டித் திரைகளை வளைந்த வலை போலத் தொங்கவிட்டார்கள். ஆயிரக்கணக்கான சாட் ரூம்களில் அந்தச் சமயம் நடக்கும் அரட்டையிலிருந்து துணுக்குகளைப் பொறுக்கி, அவற்றில் ஓடவிட்டது ஒரு ப்ரோக்ராம். கூடவே ஓர் இயந்திரக் குரல் படிக்கும். ஒரு கட்டத்தில் 'நான்' என்று துவங்கும் வரிகளாகவே வரும். வீடியோவில்தான் பார்த்தேன். பெயரும் முகமும் உதிர்ந்தபின், அற்ப அரட்டைகூடப் பிரார்த்தனை போல ஒலிக்கிறது. 2004-ல் ஆர்ஸ் எலெக்ட்ரானிக்காவின் 'கோல்டன் நிகா' பரிசும் வந்தது, இன்ட்டராக்டிவ் ஆர்ட் பிரிவில்.

அங்கேதான் உதைக்கிறது. பேசியவர்களுக்குத் தாங்கள் மியூசியத்தில் தொங்குவது தெரியாது. பார்க்க வந்தவர்களோ பதில் சொல்ல முடியாது. இதில் எங்கே பரிமாற்றம்? 'சாட் ரூம் பொது இடம்தானே சார்' என்பீர்கள். டீக்கடையும் பொது இடம்தான். அங்கே நீங்கள் பேசுவதை யாராவது மைக்கில் போட்டால் சும்மா இருப்பீர்களா?

இரண்டாவது, பெர்லின். 2001 செப்டம்பரில் 'கேயாஸ் கம்ப்யூட்டர் க்ளப்' தன் இருபதாம் ஆண்டைக் கொண்டாட, அலெக்ஸாண்டர்ப்ளாட்ஸில் இருந்த ஒரு கட்டடத்தின் 144 ஜன்னல்களுக்குப் பின்னால் ஆளுக்கொரு விளக்கு வைத்தது. அணைத்து ஏற்றினால் கட்டடமே திரை. அகலத்தில் 18 புள்ளி, உயரத்தில் 8. அவ்வளவுதான். ஆனால் தெருவில் போகிறவன் செல்போனில் அழைத்து அதில் 'பாங்' விளையாடலாம். காதல் கடிதம் தயாரித்து அனுப்பிவைத்து, காதலியுடன் எதிரே நின்றுகொண்டு, போனில் எண்ணை அழுத்தி ஜன்னல்களில் ஒளிரவிடலாம். எதை, எப்போது, யாருக்குக் காட்டுவது என்பது எழுதினவன் கையில்.

அழகு என்று பார்த்தால் லிஸனிங் போஸ்ட் பல மடங்கு உசத்தி. அது கலை என்பதில் சந்தேகமில்லை. 'இன்ட்டராக்டிவ்' என்ற பட்டத்துக்கு மட்டும் பெர்லின் ஜன்னல்களே தகுதி.

இன்றைய ஹேஷ்டேக் சுவர்கள் இரண்டுங்கெட்டான். எழுதுபவன் நாம், வடிகட்டுபவர் விழாக்காரர், குழாய் கம்பெனியின் கையில். ட்விட்டரின் செய்திகளை ப்ரோக்ராம்கள் இலவசமாக எடுக்கும் வசதி 2023-ல் போயிற்று. அதை நம்பிப் பிழைத்த சுவர்கள் பாடு திண்டாட்டம்.

அடுத்த முறை அப்படி ஒரு சுவர் எதிரே நின்றால், எழுத்து எவ்வளவு பெரிசு என்று வியக்குமுன், எழுதியவருக்கு இது தெரியுமா என்று விசாரியுங்கள்.