தலைக்கூத்தல் படங்களும் ராத்திரி ரெண்டு மணியும்

போன மாசம் கொட்டச்சேட்டு வீட்டில் அக்காவும் நானும் உட்கார்ந்து இரண்டு படங்கள் பார்த்தோம். ஒன்று மதுமிதா இயக்கிய 'கே.டி. என்கிற கருப்புதுரை' (2019). இன்னொன்று பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய 'பாரம்'. 2018ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது இது. இரண்டுமே தலைக்கூத்தலைப் பற்றியவை. படுக்கையில் விழுந்த முதியவரைக் குடும்பமே 'அனுப்பி வைக்கும்' வழக்கம். விருதுநகர், மதுரை, தேனிப் பக்கம் நடப்பதாகப் பேசப்படுவது.

இரண்டும் நல்ல படங்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் படம் முடிந்ததும் அக்கா கேட்ட ஒரு கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

"மூணு மாசமா நெனப்பில்லாம கெடந்த மனுசன் எந்திரிச்சு ஓடுறாரு. அந்த மூணு மாசமும் அவரைத் திருப்பிப் போட்டது யாரு?"

கே.டி. கதை அங்கேதான் தொடங்குகிறது. கோமாவில் கிடந்த கருப்புதுரை கண் விழிக்கிறார். பிள்ளைகள் தன்னைக் கொல்லத் திட்டம் போடுவது காதில் விழுகிறது. வீட்டை விட்டுக் கிளம்புகிறார். கோவிலில் குட்டி என்ற சிறுவன் துணையாகிறான். மு. ராமசாமியும் நாக விஷாலும் பேசிக்கொள்ளும் இடமெல்லாம் அழகு. குட்டிக்குத் தேசிய விருது கிடைத்ததில் ஆச்சரியமே இல்லை. ஆனால் மூன்று மாதம் அசையாமல் கிடந்த உடம்பு பிரியாணி தேடிப் போகிறது என்றால், யாரோ இரண்டு மணிக்கு ஒருமுறை அதைப் புரட்டியிருக்க வேண்டும். துடைத்திருக்க வேண்டும். கஞ்சி இறக்கியிருக்க வேண்டும். கை காலை மடக்கி நீட்டியிருக்க வேண்டும். அந்த ஆள் படத்தில் இல்லை. குடும்பம் என்றால் கொல்லத் துணிந்த கூட்டம், அவ்வளவுதான்.

எங்களுக்கு இது ஏன் உறுத்துகிறது என்றால், அப்பா இதே வீட்டில்தான் ஐந்து மாதம் படுக்கையில் இருந்தார். புரோஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவி இரண்டு காலும் விழுந்துவிட்டது. கீழே ஒரு ஆஸ்பத்திரியில், "இனி செய்ய ஒண்ணுமில்லைங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். குப்பனூர் ரோடு வழியாக வேனில் மேலே ஏறி வந்தோம். ஒவ்வொரு வளைவுக்கும் அப்பா கத்தினார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் செய்ய எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. யூரின் டியூபை எப்படிப் பார்த்துக்கொள்வது? முதுகில் சிவக்கிற இடம் நாளைக்குப் புண்ணாகும் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? வலி மாத்திரையை வலி வந்த பிறகு தருவதா, வருவதற்கு முன்பே நேரம் வைத்துத் தருவதா? யாரும் சொல்லித் தரவில்லை. ஊர்ச்சனம் நல்ல சனம். ஹார்லிக்ஸ் பாட்டிலும் பிஸ்கட்டும் கொண்டு வந்தார்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து, "தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு, மலைக்குளிரில், ஈரத்துணியை மாற்ற அக்கா மட்டும்தான் எழுந்தாள். நான் பாதி நாள் தூங்குவது மாதிரி கிடந்தேன்.

ஒரு ராத்திரி அப்பா வலியில் முனகிக்கொண்டே இருந்தார். "போயிட்டா தேவலை" என்று என் மனசுக்குள் ஓடியது. அவருக்காக நினைத்தேனா, எனக்காக நினைத்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதனால்தான் 'பாரம்' பார்க்கும்போது நெளிந்தேன். வாட்ச்மேன் கருப்பசாமி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. மகன் கிராமத்துக்குத் தூக்கிப் போகிறான். அங்கே அவர் சாகிறார். தங்கை மகன் நியாயம் கேட்கிறான். படம் சத்தமே போடாமல் சொல்கிறது. இது கொலைதான், பேர் மாற்றினாலும் கொலைதான் என்பதில் அதற்குத் தயக்கம் இல்லை. எனக்கும் இல்லை. ஆனால் 'கொல்லாதே' என்பது பாதிப் பாடம். 'அப்ப என்ன செய்யணும்?' என்பது மீதிப் பாதி. இந்தப் பாதியை நம் சினிமாவும் சொல்வதில்லை, சுவரொட்டியும் சொல்வதில்லை.

சொல்லித் தர முடியாத பாடமா இது? பக்கத்து மாநிலத்தில் சொல்லித் தந்திருக்கிறார்கள். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபால், சுரேஷ்குமார் போன்றவர்கள் வலி நிவாரண சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். டாக்டர்கள் மட்டும் போதாது என்று சீக்கிரமே புரிந்தது. 2000ஐ ஒட்டி மலப்புரம் பகுதியில் அக்கம்பக்கத்து ஆட்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். கடைக்காரர், டீச்சர், மாணவர்கள் எல்லாம் நர்ஸுடன் வீடு வீடாகப் போனார்கள். 2008இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. பஞ்சாயத்துகள் பொறுப்பெடுத்தன. அங்கே பாடம் என்பது மேடைப் பேச்சு இல்லை. புரட்டுவது, புண் துடைப்பது, பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு கேட்பது.

நம்மிடமும் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டுக்கே வரும் வலி நிவாரணச் சிகிச்சையும் உண்டு. மார்ஃபினை எட்டாக்கனியாக்கிய 1985ஆம் வருஷ போதைப்பொருள் சட்டத்தை 2014இல் திருத்தி, விதிகளை நாடு முழுக்க ஒன்றாக்கினார்கள். குணமாகாத நிலையில் மெஷின் வைத்து இழுத்தடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அந்த நடைமுறையை எளிதாக்கியது. இது எதுவும் அப்பா படுத்திருந்தபோது எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் எங்கள் தெருவில் இருந்திருந்தால் போதும். அதைத்தான் சமூகக் கல்வி என்கிறேன்.

இன்னொன்றையும் இந்தப் படங்கள் தொடுவதில்லை: பார்த்துக்கொண்டவருக்குப் பின்னால் என்ன ஆகிறது என்பது. காரியம் முடிந்ததும் எல்லோரும் அக்காவிடம், "இனியாவது நிம்மதியாத் தூங்கு" என்றார்கள். அப்பா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னமும் ரெண்டு மணிக்கு அவளுக்கு முழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து போய் அந்தக் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்து படுக்கிறாள். "பழக்கம்டா தம்பி" என்கிறாள். துக்கம் என்று அவள் சொல்வதில்லை. நாங்களும் கேட்பதில்லை.

கே.டி.யையும் பாரத்தையும் பாருங்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்தே பாருங்கள். முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு, "நம்ம வீட்ல ஒருத்தர் விழுந்தா ராத்திரி ரெண்டு மணிக்கு யார் எந்திரிப்பாங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலும் எல்லோரும் ஒரே பெண்ணைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். பேச்சை அங்கிருந்து தொடங்கலாம். தெருவில் யாராவது படுக்கையில் இருந்தால் ஹார்லிக்ஸ் பாட்டில் வேண்டாம். "நான் ரெண்டு மணி நேரம் பாத்துக்கறேன், நீங்க போய்ப் படுங்க" என்று சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.