ஆசையின் கண்ணும் சாட்சியின் கண்ணும்

மண்ணாடிப்பட்டில் நமக்கு நெருங்கிய குடும்பம் ஒன்றில், அண்மையில் ஒரு சிறு வழக்கு நம்மிடம் தீர்ப்புக்கு வந்தது. வார இதழ்களின் தொடர்கதைகளைக் கத்தரித்துத் தைத்து, அட்டை கட்டி வைப்பது ஒரு காலத்தில் தமிழ் வீடுகளில் இருந்த வழக்கம். அத்தகைய தொகுதி ஒன்று நன்னிமாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து வெளிவந்தது. கல்லூரிக்குச் செல்லும் பேத்தி அதனை இரண்டே இரவுகளில் படித்து முடித்துவிட்டாள். "வயதுப் பெண் படிக்கத் தக்கதா இது?" என்று அத்தா வினவ, "நான் படித்துக் கெட்டா போனேன்?" என்று நன்னிமா திருப்பிக் கேட்டாராம்.

அந்நூல் சுஜாதாவின் 'அனிதா இளம் மனைவி'. குமுதத்தில் தொடராக வந்து, 1978ஆம் ஆண்டில் ஜெய்சங்கரும் ஸ்ரீதேவியும் நடித்த 'இது எப்படி இருக்கு' என்னும் திரைப்படமாகவும் ஆயிற்று. டில்லியில் ஷர்மா என்னும் செல்வர் கொலையுறுகிறார். அவருடைய இளம் மனைவி அனிதா, மகள் மோனிக்கா. சொத்தைப் பற்றிய கேள்விகளோடு அவ்வீட்டினுள் நுழையும் வழக்கறிஞர் கணேஷ், அனிதாவின் அழகில் மனம் தடுமாறுகிறார். முடிவைச் சொல்லிப் படிப்போரின் சுவையைக் கெடுக்க நாம் விரும்பவில்லை.

தமிழின் பழைய துப்பறிவாளர்கள் ஆசைக்கு அப்பால் நின்றவர்கள். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் பெயரிலேயே துறவி. தமிழ்வாணனின் சங்கர்லாலுக்குத் தேநீர்க் கோப்பையே போதுமான போதை. குற்றத்தை ஆராய்பவன் குற்றம் நிகழ்ந்த வீட்டின் உணர்ச்சிகளில் சிக்கமாட்டான் என்பது அக்கதைகளின் எழுதாச் சட்டம். 1968இல் 'நைலான் கயிறு' வாயிலாகத் தமிழுக்கு அறிமுகமான கணேஷோ, இந்நாவலில் அச்சட்டத்தை மீறுகிறார். அவர் கூரிய மதியினர். ஆயினும் நம்மைப்போல் சறுக்கக்கூடிய மனிதர்.

இந்நாவலின் வலிமை இங்கேதான் உள்ளது. காதல் இதில் கதைக்கு மேல் தூவிய வாசனைப் பொடியன்று. மர்மத்தை இயக்கும் விசையே அதுதான். அனிதா சொல்வதைக் கணேஷ் நம்பும்போது, ஆதாரம் இருப்பதால் நம்புகிறாரா, அவள் அழகாய் இருப்பதால் நம்புகிறாரா? இந்த ஐயம் அவரை மட்டுமன்றி நம்மையும் பற்றிக்கொள்கிறது. அவருடைய கண்களாலேயே நாமும் பார்ப்பதால், அவருடைய மயக்கம் நம்முடைய மயக்கமும் ஆகிவிடுகிறது. ஆசை கொண்ட கண் நல்ல சாட்சியன்று என்பதை அறிவுரையாகக் கூறாமல், அனுபவமாகவே தந்துவிடுகிறார் ஆசிரியர்.

குறையும் அதே இடத்தில்தான் பிறக்கிறது. தலைப்பிலேயே அனிதாவுக்கு வயதும் உறவும்தான் அடைமொழி. கணவனை இழந்த ஒருத்தியின் துயரத்தை அறியும் முன்னரே அவளது தோற்றத்தை நாம் அறிந்துவிடுகிறோம். மர்மத்தைக் காப்பதற்காக அவளுடைய உள்ளம் பூட்டியே வைக்கப்படுகிறது. அச்சத்தில் இருப்பவள், உதவ வந்தவனுடைய பார்வையை எவ்வாறு தாங்கினாள்? அதைக் கேட்க நாவலுக்கு நேரமில்லை. சட்டத்தின் துணையை நாடும் பெண் தன் இரகசியங்களை ஓர் அமானிதமாக ஒப்படைக்கிறாள். அதைக் கையில் வைத்திருப்பவனுக்கு அவள்மீது எழும் ஆசை இனிமையானதாக இருக்கலாம். சமமானதாக இருக்க முடியாது. நாம் வைக்கும் முதன்மையான குற்றச்சாட்டு இதுவே; சில பக்கங்களின் வெப்பம் இரண்டாந்தரமானது.

பின்னர் வந்தோர் இச்சிக்கலை வேறு வழியில் தீர்த்தனர். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலாவும், சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தியும் உடன் பணிபுரிவோர். காதல் கட்சிக்காரரிடமிருந்து சக ஊழியரிடம் இடம் பெயர்ந்தது. உறுத்தல் நீங்கியது, ஆயின் ஆசையால் அறிவு கலங்கும் அந்த நடுக்கமும் உடன் நீங்கிற்று. சீண்டலும் சிரிப்புமே எஞ்சின.

ஆசையைப் பேசும் கதை என்பதாலேயே ஒன்றை ஒதுக்குவது நமக்குப் பொருந்தாது. அஜீஸின் மனைவி கதவுகளை அடைத்ததை யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாறு மறைக்காமல் கூறுகிறது. அங்கே தீர்ப்பை வழங்கியது முகமன்று, சட்டை. அது முன்புறம் கிழிந்ததா, பின்புறம் கிழிந்ததா என்ற ஒரே கேள்வியில் உண்மை வெளிப்பட்டது. ஆசையின் கண்ணுக்கும் சாட்சியின் கண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எந்தத் துப்பறியும் கதை காட்டிவிட முடியும்?

ஆகவே மண்ணாடிப்பட்டு வழக்கில் நாம் நன்னிமாவின் பக்கமே நின்றோம், ஒரு நிபந்தனையோடு. பேத்தியிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னோம்: "இதே கதையை அனிதா சொல்லியிருந்தால் எப்படி இருக்கும்?" நாளை அவளே ஒரு பத்திரத்துக்காகவோ வழக்குக்காகவோ எவரேனும் ஒருவரின் மேசைக்கு எதிரே அமர நேரலாம். அன்று தன்னை நோக்கும் கண் எத்தகையது என்று அவள் அறிந்திருக்க வேண்டும். பெட்டியைப் பூட்டினால் அந்த அறிவும் உள்ளேயே கிடந்துவிடும்.

அத்தா சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "அந்தத் தொகுதியை இங்கே கொடு, முதலில் நானும் படிக்கிறேன்" என்றார்.