இரண்டாம் ஆட்டம்

சினிமா விநியோகஸ்தர்களின் வரைபடத்தில் தாம்பரம் சென்னையில் இல்லை. தமிழ்நாட்டை அவர்கள் பிரித்து வைத்திருக்கும் ஏரியாக்களில் ‘சென்னை சிட்டி’ தனி. குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் ‘செங்கல்பட்டு’. தாம்பரம் மாநகராட்சி ஆனது 2021-ல். ஆனாலும் வியாபாரத்தில் அந்தக் கோடு அழியவில்லை. பிலிம் பெட்டிகளின் காலத்தில் அந்தக் கோட்டுக்குக் கனமான ஒரு பொருள் இருந்தது. படத்துக்குப் போடும் பிரிண்ட்டுகள் குறைவு. அண்ணா சாலைத் தியேட்டர்களில் ஓடிக் களைத்த பிறகே பல படங்களின் பெட்டி இந்தப் பக்கம் வரும். மழை பெய்வது போலக் கோடு விழுந்த பிரிண்ட், ரீல் மாறும் இடத்தில் தாவிப்போகும் வசனம். அதற்குள் கதை ஊருக்கே தெரிந்திருக்கும். கொலை செய்தது யார் என்பதும் தெரிந்திருக்கும். இங்கே வித்யா, நேஷனல், எம்.ஆர். தியேட்டர்களில் டிக்கெட் எடுத்த பார்வையாளருக்கு முதல் முறை பார்ப்பதே பாதி இரண்டாம் முறை பார்ப்பதுதான். புறநகரின் தாழ்வாகவே இதைச் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கோ இது ஒரு ரசனைப் பயிற்சியாகப் படுகிறது. முடிவு தெரிந்த படத்தின் முன்னால் இரண்டரை மணி நேரம் உட்கார வேண்டுமென்றால், கண் வேறு எதையாவது தேடியே ஆக வேண்டும். அது தேடுகிற அந்த வேறு எதுவோதான் சினிமாக்கலை.

கிளாசிக், கல்ட், புதுப்படம் என்று மூன்று அலமாரிகளில் படங்களை அடுக்குவது இன்று சினிமாப் பிரியர்களின் வழக்கம். இந்த அடுக்கு தவறு என்பது என் கட்சி. ஒரே படம் தன் வாழ்நாளில் கடந்துபோகும் மூன்று பருவங்களே இவை. புதுப்படமாக வராத கிளாசிக் எதுவும் கிடையாது. வந்த வாரத்தில் கைவிடப்பட்ட பிறகு, சிலர் மட்டும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்துக் காப்பாற்றிய படத்தையே கல்ட் என்கிறோம். ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவத்துக்குப் படத்தை நகர்த்துவது இரண்டாம் பார்வை. ஆகவே படத்தின் தகுதியை அளக்க நான் நம்புவது ஒரே உரைகல்லைத்தான்: கதை தெரிந்த பிறகு அந்தப் படத்தில் என்ன மிச்சமிருக்கிறது?

‘அந்த நாள்’ படத்தை எடுத்துக்கொள்ளலாம். 1954-ல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கியது. பாட்டு இல்லாத முதல் தமிழ்ப் பேசும்படம் என்ற ஒரு வரியில் அதை முடித்துவிடுவது பொதுஅறிவுப் புத்தகங்களின் பழக்கம். பாட்டு இல்லை என்பது அதன் துணிச்சலில் சிறு பங்குதான். ‘பராசக்தி’ வந்து இரண்டே வருடங்களில், ஊரே கொண்டாடிய சிவாஜி கணேசனைப் படம் தொடங்கியதும் சுட்டுத் தள்ளிவிடுகிறார் பாலசந்தர். செத்தவன் ஜப்பானியருக்கு நாட்டை விற்ற ரேடியோ என்ஜினியர் ராஜன். 1943 அக்டோபரில் சென்னை மேல் குண்டு விழுந்ததற்கு மறுநாள் நடக்கிற கதை. துப்பறிய வரும் அதிகாரியிடம் பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி என்று ஒவ்வொருவரும் தாம் கண்ட ராஜனைச் சொல்கிறார்கள். முதல் முறை பார்க்கும்போது இந்தச் சாட்சியங்களின் பின்னாலேயே ஓடுகிறோம். அவன் மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கிதான் அது என்று தெரிந்துகொண்டு திரும்பிப் பார்த்தால் படம் முழுக்க முழுக்கப் உஷாவாக வரும் பண்டரிபாயின் முகத்துக்கு மாறிவிடுகிறது. மற்றவர்கள் பேசும்போது அவள் எங்கே நிற்கிறாள், அவள் துக்கத்தில் புருஷனுக்கானது எவ்வளவு, நாட்டுக்கானது எவ்வளவு என்று பார்க்கத் தொடங்குகிறோம். அன்று வசூலில் சோர்ந்துபோன படம் எழுபது வருடம் கழித்தும் பேசப்படுவதற்குக் காரணம், அதன் மர்மத்துக்கு அடியில் ஒரு பெண்ணின் தீராத வேதனை கிடப்பதுதான். மர்மம் தீர்ந்துவிடுகிறது. வேதனை தீரவில்லை.

இதற்கு 57 வருடம் கழித்து, 2011-ல், தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ வந்தது. கறுப்பு வெள்ளை மேட்டுக்குடி வீட்டுக்கும் வடசென்னைத் தாதாக்களின் ஒரு நாள் சண்டைக்கும் ஒட்டுறவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே தச்சு. இங்கேயும் யாரும் சந்தேகப்படாத ஒரு பெண். தாதா சிங்கபெருமாள் வாங்கிப் போட்ட சாமான் மாதிரி வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் சுப்பு; அவளுக்குக் காவலாக, எல்லாரும் கிண்டலடிக்கிற சப்பை. முதல் பார்வையில் நம் கண் கொக்கைன் பொட்டலத்தின் பின்னாலும் சிங்கபெருமாளின் ஆளான பசுபதியின் ஓட்டத்தின் பின்னாலும் போகிறது. நடுவே வரும் இந்தக் காதலை ஒரு இளைப்பாறலாக எண்ணுகிறோம். கடைசியில் பணத்தோடு நடந்துபோகிறவள் அவள் என்று தெரிந்த பிறகு மறுபடி பார்த்தால், அவளுடைய ஒவ்வொரு தயக்கமும் ஒவ்வொரு மௌனமும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது தெரிகிறது. தாதாக்கள் அவளைக் கவனிக்காதது போலவே நாமும் கவனிக்கவில்லை; படம் நம்மையும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக உட்கார வைத்திருந்தது. அறிமுக இயக்குநருக்கும் படத்தொகுப்புக்கும் தேசிய விருது வாங்கிய படம் தியேட்டரில் தங்கவில்லை. நண்பர்களிடம் “இன்னொரு தடவை பார்” என்று சொல்லிச் சொல்லித்தான் அது இன்றைய இடத்துக்கு வந்தது. பாலசந்தரையும் குமாரராஜாவையும் இரண்டு அலமாரிகளில் வைத்தால் இந்த உறவு கண்ணுக்கே படாது.

முடிச்சுள்ள படங்களுக்கு இது பொருந்தும், முடிச்சே இல்லாத படங்களுக்கு என்ன சொல்வாய் என்று கேட்கலாம். அதற்குப் பதில் ‘வீடு’. 1988-ல் வந்த பாலு மகேந்திராவின் இந்தப் படத்தில் மறைத்து வைத்துக் காட்ட எதுவுமில்லை. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள்; தாத்தா வாங்கிப்போட்ட மனை இருக்கிறது; சுதா வீடு கட்டத் தொடங்குகிறாள். கடன், அனுமதி, ஏமாற்றும் கான்ட்ராக்டர், அவனை முகத்துக்கு நேரே கேட்கும் சித்தாள் மங்கம்மா. அவ்வளவுதான். தென்சென்னைப் புறநகர் முழுக்க இந்தக் கதையால் கட்டப்பட்டது. சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் முடிச்சூரிலும் மனை வாங்கிப்போட்டு, சீட்டு எடுத்து, நகையை வைத்து, தளம் போட ஒரு வருடம், பூச்சுக்கு இன்னொரு வருடம் என்று எழுப்பிய வீடுகள். இங்கே வாழ்கிறவருக்கு ஜல்லி வந்து இறங்கும் சத்தமே ஒரு உணர்ச்சி. அந்தச் சத்தத்தைத் தமிழ்த் திரையில் கதையின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் பாலு மகேந்திரா. சுதாவாக நடித்த அர்ச்சனா இதற்காகத் தேசிய விருது பெற்றார். ஆனாலும் படத்தின் உச்சம் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர்தான். பாதி எழுந்த வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாகக் கிளம்பிப் போகிறார். கூரை வராத சுவர்களுக்கு நடுவே நடக்கிறார், தொட்டுப் பார்க்கிறார். வசனம் தேவைப்படவில்லை. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ இசைத்தொகுப்பிலிருந்து எடுத்த இசை மட்டும் கூட வருகிறது. முதல் முறை இது ஒரு முதியவரின் சந்தோஷம். அதன் பிறகு அவர் இருக்கமாட்டார் என்று தெரிந்து பார்க்கும்போது, அந்தச் சுவரைத் தடவும் கை விடைபெறும் கையாகிவிடுகிறது. காமிரா எதையும் கூடுதலாகச் சொல்லவில்லை. அதே ஷாட், அதே வெளிச்சம், அறிந்துகொண்டது நாம்.

‘வீடு’ முடியும்போது, மனை ஏற்கெனவே குடிநீர் வாரியத்துக்காகக் கையகப்படுத்தப்பட்டது என்று அதிகாரி வந்து சொல்கிறார். 1988-ல் இது அரசு இயந்திரத்தின் குருட்டுத்தனம் பற்றிய முடிவாகப் படிக்கப்பட்டது. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிய பிறகு அந்த முடிவு வேறு மாதிரி கேட்கிறது. நிலம் யாருடையது, நீர் யாருடையது, அனுமதி முத்திரை எதைக் காப்பாற்றும் என்ற கேள்விகள் படத்துக்குள் முன்பே இருந்தன. இங்கே முதல் மாடிவரை தண்ணீர் பார்த்தவர்களுக்கு அவை உரக்கக் கேட்கின்றன. படத்தில் ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை. பார்வையாளரின் ஊர் மாறிவிட்டது. கிளாசிக் என்பது காலத்தைக் கடந்து நிற்பது என்று சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாமல் போவது இந்த இடத்தில்தான். கடந்து நிற்கிற படமாக இருந்தால் 2015-க்குப் பிறகு ‘வீடு’ இவ்வளவு வலித்திருக்காது.

வீடு கட்டுகிற கதைக்கு எதிர்ப்புறத்தில் வீட்டை இழந்த கதை இருக்கிறது: 2024-ல் வந்த பிரேம் குமாரின் ‘மெய்யழகன்’. தஞ்சாவூர்ப் பூர்வீக வீட்டைச் சொத்துத் தகராறில் விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்த குடும்பம். பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக ஒரே ஒரு ராத்திரி திரும்பிப்போகும் அருள்மொழி. 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறப்பதற்கு முன்பு, பொங்கல் தீபாவளிக்குப் பெருங்களத்தூரில் பையோடு சாலையோரம் நின்றவர்கள் ஒவ்வொருவரும் ஒரு அருள்மொழிதான். அந்தப் படம் முதல் வாரத்தில் நீளம் என்று முறையிடப்பட்டு, சுமார் 18 நிமிடங்கள் வெட்டப்பட்டது. தன்னை உரிமையோடு கொண்டாடும் இளைஞனின் பெயர் நினைவில்லாமல் அருள்மொழி தவிப்பதுதான் கதையின் ஒரே இழுவிசை. பெயர் தெரிந்த பிறகு என்ன மிச்சம்? எல்லாமே மிச்சம். அருள்மொழியாக வரும் அரவிந்த்சாமியின் முகத்தில் குற்ற உணர்வு எந்த நொடியில் அன்பாக இளகுகிறது என்பதை அவசரமில்லாமல் பார்க்க முடிகிறது. வெட்டப்பட்ட நிமிடங்கள் முதல் பார்வையின் பொறுமையின்மைக்குக் கொடுத்த பலி. அவசரப்படாமல் இருந்திருக்கலாம் என்பதே என் எண்ணம்.

இரண்டாம் பார்வையே உரைகல் என்பதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது ஒன்று உண்டு. மறுவெளியீடுகளுக்குக் கூட்டம் வருகிறதே, அது ரசனையா, பழைய நினைவின் போதையா? 2024 ஏப்ரலில் ‘கில்லி’ மறுபடி வந்தபோது தியேட்டர்கள் திருவிழாவாயின. வசனத்தைத் திரைக்கு முன்பாகவே சொல்லி முடித்தது கூட்டம். அதில் பெரும்பங்கு 2004-ல் தமக்கிருந்த வயதைக் கொண்டாடியதுதான், மறுக்க முடியாது. ஆனால் கொண்டாட்டத்துக்கு அடியில் தொழில்திறன் ஒன்றும் இருந்தது. ஓடிவந்த பெண்ணைத் தேடும் பொறுப்பிலுள்ள போலீஸ் அதிகாரி வீட்டு மாடியிலேயே அவளை ஒளித்துவைக்கும் அமைப்பு, நகைச்சுவையும் அபாயமும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குவது, பிரகாஷ்ராஜ் ஒரு சொல்லை இழுக்கும் கால அளவு: இவை இல்லாவிட்டால் இருபது வருடம் கழித்து அந்தப் பழைய வயதும் திரும்பி வந்திராது. அதே 2004-ல் வந்து அன்று நன்றாக ஓடிய எல்லாப் படத்துக்கும் இந்த வரவேற்பு கிடைக்காது. தோற்ற படமெல்லாம் கல்ட் ஆகிவிடுமா என்பது அடுத்த மறுப்பு. ஆகாது. மறக்கப்பட்ட படங்களில் மிகப் பெரும்பாலானவை நியாயமாகவே மறக்கப்பட்டன. தோல்வி ஒரு தகுதியல்ல; இரண்டாம் முறை தாங்குவதுதான் தகுதி, வெற்றி பெற்ற படமாக இருந்தாலும்.

வீட்டிலேயே ஓடிடியில் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாமே என்பவர்களுக்கு, ‘ஆரண்ய காண்டம்’ போன்றவை பிழைத்ததே சிறு திரையால்தான் என்று நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையில் ரிமோட் இருக்கும்போது நாம் படத்தைப் பார்ப்பதில்லை, நமக்குப் பிடித்த காட்சிகளைப் பார்க்கிறோம். தாத்தா சுவரைத் தடவும் காட்சியின் பலம், அதற்கு முன்னால் கல்லும் மணலும் கணக்குமாகப் போன ஒரு மணி நேரத்துக்கும் மேலான உழைப்பில் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தைத் தள்ளிவிட முடியாத இருட்டு வேண்டும். குரோம்பேட்டை வெற்றி தியேட்டரிலோ தாம்பரத்திலோ ஒரு காலைக் காட்சியாவது இதற்கென்று ஒதுக்கக் கேட்பது பேராசையல்ல.

கேட்பதற்குப் படம் கையில் இருக்க வேண்டும். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதே வருடம் தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ வந்தது. அந்தத் தடத்தில் ரயில் இன்றும் ஓடுகிறது. ‘காளிதாஸ்’ படத்துக்கு ஒரு பிரதியும் மிஞ்சவில்லை. பல பழைய படங்களை இன்று அறிய நமக்குள்ள வழி, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் காத்துவரும் பாட்டுப் புத்தகங்கள் போன்ற காகிதங்கள் மட்டுமே. அது கறுப்பு வெள்ளைக் காலத்து அலட்சியம் என்று ஆறுதல்பட வழியில்லை. 1964-ன் ‘கர்ணன்’ 2012-ல் டிஜிட்டலாகப் புதுக்கப்பட்டு மறுபடி தியேட்டர்களை நிறைத்தது. ‘வீடு’ அதைவிட 24 வருடம் இளையது. அதன் மூல நெகட்டிவ் இப்போது இல்லை என்று, 2014-ல் மறைவதற்கு முன்பு பாலு மகேந்திராவே வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார்.