தவளையின் சொந்த ஊரும் பக்கத்து வீட்டுப் பூங்காவும்

"தி மப்பெட்ஸ் அட் வால்ட் டிஸ்னி வேர்ல்டு" என்ற பழைய டிவி ஸ்பெஷலைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். 1990 மே 6, ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவில் என்.பி.சி. சேனலில் வந்தது. ஒரு மணி நேர நிகழ்ச்சி. விளம்பரங்களை எடுத்துவிட்டால் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. நான் பார்த்தது யாரோ புண்ணியவான் வீட்டில் டேப் செய்து, பிறகு இணையத்தில் ஏற்றிய வி.எச்.எஸ். பிரதி. படம் நடுங்குகிறது, ஓரத்தில் கோடு ஓடுகிறது.

இது ஒரு விளம்பரப் படம், அதில் சந்தேகமே வேண்டாம். டிஸ்னியின் நிகழ்ச்சி வரிசையில், டிஸ்னியின் பூங்காவில் எடுத்து, டிஸ்னி வாங்கப்போகும் பொம்மைகளை வைத்து ஓட்டிய விளம்பரம். அப்படியிருக்க, முடிந்த பிறகு ஏன் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே ஒரு கேள்வி.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. கெர்மிட் தவளை தன் பட்டாளத்தை ஃபுளோரிடாவில் இருக்கும் சொந்த ஊருக்கு, அதாவது தான் பிறந்த சதுப்பு நிலத்துக்கு, கூட்டி வருகிறான். (தவளைக்கு 'அது' போட எனக்கு மனசு வரவில்லை.) பார்த்தால் பக்கத்திலேயே டிஸ்னி வேர்ல்டு. டிக்கெட் வாங்காமல் உள்ளே புகுந்துவிடுகிறார்கள். பூங்காவின் பாதுகாப்பு அதிகாரியாக வரும் சார்லஸ் குரோடின் கடைசிவரை துரத்துகிறார். முடிவில் மிக்கி மவுஸ் வந்து வரவேற்க, எல்லாம் சுபம்.

இதில் எனக்கு முதலில் உறைத்தது அந்தச் சதுப்பு நிலம். 1960களின் நடுவில் டிஸ்னி நிறுவனம் வெவ்வேறு பொய்க் கம்பெனிப் பெயர்களில், விலை ஏறிவிடக் கூடாது என்று சத்தமில்லாமல், மத்திய ஃபுளோரிடாவில் சுமார் 27,000 ஏக்கர் வாங்கியது. பெரும்பகுதி சதுப்பும் புதரும்தான். கால்வாய் வெட்டித் தண்ணீரைத் திருப்பி, மண்ணை மேடாக்கி, 1971 அக்டோபர் 1-ல் பூங்காவைத் திறந்தார்கள். ஆக, கதைப்படி கெர்மிட் பூங்காவுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் என்றால், நிலத்தின் கணக்குப்படி பூங்காதான் பிறகு வந்து குடியேறியது. தன் ஊர்க்காரர்களின் நிலத்துக்குள் நுழைய அவனிடம் டிக்கெட் கேட்கிறார்கள்! படம் எடுத்தவர்கள் இவ்வளவு யோசித்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நகைச்சுவை நிற்பது அந்த இடத்தில்தான்.

நடுப்பகுதி தொய்வு. ஒவ்வொரு பாத்திரமும் ஒரு பக்கம் பிரிந்து போய் பூங்காவின் ஒரு மூலையைக் காட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றுலாக் கையேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிற மாதிரி. இதைத் தாங்கிப் பிடிப்பது குரோடின். 1981-ல் "தி கிரேட் மப்பெட் கேப்பர்" படத்திலும் இவர்தான் வில்லன். பொம்மைகளோடு நடிக்கும் மனிதர்களில் பலர் கொஞ்சம் கண்சிமிட்டி, 'எனக்கும் இது விளையாட்டுன்னு தெரியும்' என்கிற தோரணையில் நடிப்பார்கள். குரோடின் அதைச் செய்வதே இல்லை. அந்த ஆளுக்கு உண்மையிலேயே டிக்கெட் வேண்டும், அவ்வளவுதான். மொத்தப் பூங்காவிலும் வேலை பார்க்கிற ஆள் அவர் ஒருத்தர்தான் என்று தோன்றிவிடுகிறது.

இல்லை, இன்னொரு இடம் இருக்கிறது. எல்லோரும் ராட்டினம், கோட்டை என்று ஓட, கோன்சோவும் அவன் காதலி கமிலா என்ற கோழியும் போய்ச் சேர்வது சலவைக் கூடத்தில். அங்கே ஒரு காதல் பாட்டு வேறு. பூங்கா மறைத்து வைக்கும் பகுதியைத்தான் கோன்சோ அதிசயமாகப் பார்க்கிறான். கையேட்டில் அச்சடிக்க முடியாத காட்சி. சின்ன வயசில் இது எனக்குச் சலிப்பாக இருந்திருக்க வேண்டும், ஞாபகமே இல்லை. இப்போது இதற்காகவே மறுபடி பார்ப்பேன்.

சின்ன வயசு என்றேன் இல்லையா. அமெரிக்காவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த கேசட் அது. அங்கே என்.டி.எஸ்.சி. முறை, இங்கே பால் முறை. எங்கள் டிவியில் வண்ணம் வரவே இல்லை. கெர்மிட் பச்சை என்பதே எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். நான் ஃபுளோரிடா போனதில்லை, போகும் உத்தேசமும் இல்லை. கறுப்பு வெள்ளையில், விளம்பரத்தில் மட்டும் பார்த்த ஊருக்கு எனக்கு எப்படி ஏக்கம் வரும்? போகாத ஊருக்கு வழி தேடுவதைச் சொல்வார்கள். இது போகாத ஊருக்குத் திரும்பிப் போக ஆசைப்படுவது.

அந்த ஏக்கமும் தயாரித்துக் கொடுக்கப்பட்டது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆதாரமும் இருக்கிறது. 1954-ல் ஏ.பி.சி. சேனலில் டிஸ்னி தொடங்கிய வாராந்திர நிகழ்ச்சிக்குப் பெயரே "டிஸ்னிலேண்ட்"தான். பதிலுக்கு அந்தச் சேனல் பூங்காவில் 5 லட்சம் டாலர் முதலீடு செய்து, கடனுக்கும் ஜாமீன் நின்றது. 1955 ஜூலை 17-ல் பூங்கா திறந்ததை நேரலையாகக் காட்டினார்கள். பிள்ளைகள் வாசலை மிதிக்கும் முன்பே அந்த இடம் அவர்களுக்குப் பழகிய இடம். 1990 அக்டோபரில் அமெரிக்காவில் குழந்தைகள் தொலைக்காட்சிச் சட்டம் வந்தது. சிறுவர் நிகழ்ச்சியில் மணிக்கு இத்தனை நிமிடம்தான் விளம்பரம்: வார இறுதியில் பத்தரை, வார நாளில் 12 என்று வரம்பு கட்டினார்கள். நிகழ்ச்சியே விளம்பரமாக இருந்தால் எந்தக் கடிகாரத்தை வைத்து அளப்பது?

ஆனால் இந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. தொண்டையை அடைத்தது பூங்கா இல்லையே. கோட்டையும் வாணவேடிக்கையும் வரும் இடங்களில் மனசு அசையவே இல்லை. அசைந்தது கெர்மிட்டின் முகத்தில்.

அந்த முகத்துக்குள் இயந்திரம் எதுவும் கிடையாது. மெல்லிய துணி, உள்ளே ஒரு கை. யோசிப்பது, தயங்குவது, உதட்டைச் சுளிப்பது எல்லாம் விரல் மடங்குவதுதான். அந்தக் கை ஜிம் ஹென்சனுடையது. 1989 ஆகஸ்ட் 28-ல் அவரும் டிஸ்னியும் சேர்ந்து ஒப்பந்தத்தை அறிவித்தார்கள். பத்திரிகைகள் சொன்ன தொகை சுமார் 15 கோடி டாலர். 'செசமி ஸ்ட்ரீட்' பாத்திரங்கள் அதில் சேர்த்தி இல்லை. கம்பெனி நடத்தும் தலைவலியை டிஸ்னியிடம் தள்ளிவிட்டுப் படைப்பு வேலையை மட்டும் பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. இந்த ஸ்பெஷல் அந்த நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த வீடியோ மாதிரி. மிக்கி வரவேற்கும் கடைசிக் காட்சியை அப்படிப் பார்த்தால் புரியும். டிக்கெட் இல்லாமல் வந்தவர்களுக்கு, முதலாளி சிரித்துவிட்டதும் காவல்காரர் தொந்தரவு தீர்ந்துபோகிறது.

ஒளிபரப்பாகி பத்தே நாள். மே 16-ல் ஹென்சன் நியூயார்க்கில் இறந்துபோனார், பாக்டீரியா தொற்றில், 53 வயதில். டிசம்பரில் ஒப்பந்தம் முறிந்தது. 1991 ஏப்ரலில் ஹென்சன் கம்பெனி டிஸ்னி மேல் வழக்கே போட்டது, பிறகு சமரசம். அவர் இயக்கிய கடைசிப் படங்களில் ஒன்றான "மப்பெட் விஷன் 3டி" அவர் இறந்து சரியாக ஒரு வருஷம் கழித்து, 1991 மே 16-ல், அதே பூங்காவில் திறந்தது. மப்பெட்டுகளை டிஸ்னி ஒருவழியாக வாங்கியது 2004-ல்.

இதெல்லாம் தெரிந்துகொண்டு பார்ப்பது வேறு படம். சந்தோஷமாக ஒரு வீட்டுக்குக் குடி போகிற ஒருவர், அங்கே குடியேறவே போவதில்லை என்பது நமக்குத் தெரியும், அந்தக் கைக்குத் தெரியாது. விளம்பரத்துக்காக எடுத்ததில் விளம்பரத்துக்கு உதவாத இந்த ஒன்று தங்கிவிட்டது. என் ஏக்கத்தில் கம்பெனி தயாரித்தது எவ்வளவு, அந்தக் கையிலிருந்து வந்தது எவ்வளவு என்று பிரிக்கப் பார்த்தேன். முழுசாகப் பிரிக்க வரவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றில்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

விற்க வந்த சரக்கோ பெரும்பாலும் போய்விட்டது. அங்கிருந்த டிஸ்னி-எம்.ஜி.எம். ஸ்டுடியோஸ் 2008-ல் பெயர் மாறியது. அதன் 'கிரேட் மூவி ரைட்' 2017-ல் மூடியது. மப்பெட் விஷனும் 2025 ஜூனில் மூடப்பட்டது. அந்த இடத்தில் 'மான்ஸ்டர்ஸ் இங்க்' பகுதி வருகிறதாம். கோடு விழுந்த அந்த டேப் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பார்க்க உட்காருபவர்கள் நடுவில் சலித்தால் சலவைக் கூடம் வரைக்குமாவது பொறுங்கள். அது முடிந்த கையோடு, 1990 நவம்பர் 21-ல் சி.பி.எஸ். ஒளிபரப்பிய "தி மப்பெட்ஸ் செலிப்ரேட் ஜிம் ஹென்சன்" அஞ்சலி நிகழ்ச்சியையும் தேடிப் பாருங்கள். கெர்மிட் அதில் கடைசியில்தான் வருவான். உள்ளே ஸ்டீவ் விட்மயரின் கை. அதே முகம்தான், விரல் மடங்கும் விதம் கொஞ்சம் வேறு.